எட்டு மேசைகளும் ஒரு ட்ரிப் சுவிச்சும்

நவராத்திரி முடிந்த அடுத்த கிழமை எங்கள் ஆய்வுகூடத்தில் கரண்ட் நிற்கத் தொடங்கியது. நான் வலிகாமத்தில் ஒரு பாடசாலையில் உயர்தர வகுப்புக்குப் பௌதிகவியல் படிப்பிக்கிறேன். ஆய்வுகூடம் புதிதாகக் கட்டியது. எட்டு மேசைகள். ஒவ்வொன்றின் பக்கப் பலகையிலும் இரண்டு பிளக் பொயின்ற். மேலே, வெளிநாட்டிலிருக்கும் பழைய மாணவர்கள் அனுப்பிய கருவிகள். எல்லாவற்றுக்கும் தகர உடம்பு. காலையில் மேசைகளுக்குக் கரண்ட் கொடுத்தால் சுவரிலிருக்கும் ட்ரிப் சுவிச் டக்கென்று விழும். மத்தியானம் வெயில் ஏறினால் விழாமல் நிற்கும். மறுநாள் மழை இருட்டினால் பழையபடி விழும்.

ட்ரிப் சுவிச் பெரிய அறிவாளி இல்லை. அதற்குத் தெரிந்தது ஒரு கணக்குத்தான். போன கரண்ட் அவ்வளவும் திரும்பி வந்ததா என்று பார்க்கும். சற்றுக் குறைந்தாலும், வழியில் எங்கோ ஒழுகுகிறது, ஒருவேளை ஒரு ஆளின் உடம்பினூடாக ஒழுகுகிறது என்று எடுத்துக்கொண்டு எல்லாவற்றையும் நிறுத்திவிடும். ஆரையும் கேட்காது, மேலிடத்து உத்தரவுக்குக் காத்திராது. நான் வேலை செய்த இடங்களில் அப்படி ஒரு ஆளைச் சந்தித்ததில்லை.

அந்த நாட்களில் எனக்கு எதிலும் மனம் ஒட்டவில்லை. பஸ் வந்தால் ஏறினேன், வராவிட்டால் நின்றேன். சோறு வைத்தால் சோறு, பாண் வைத்தால் பாண். வைகாசியில் என் கணவர் கிணற்றடியில் கரண்ட் அடித்துச் செத்துப்போயிருந்தார். இதைவிட மெதுவாகச் சொல்ல எனக்கு வரவில்லை.

அவர் கமக்காரர். அச்சுவேலிப் பக்கம் எங்கள் வீடும் தோட்டமும் ஒரே வளவு. பிள்ளைகள் இல்லை. கலியாணம் பேசிய காலத்தில் படித்த பெட்டைக்குக் கமக்காரனா என்று என் சொந்தக்காரர்கள் முகம் சுளித்தார்கள். பிறகு வெங்காயம் விலை ஏறின வருசங்களில் அவர்களே வந்து அவரோடு வெற்றிலை போட்டார்கள். அந்த வைகாசியிலும் சின்ன வெங்காயம் நட்டிருந்தார். தண்ணீர் இறைக்கும் மோட்டரைப் போட்டால் வீட்டு ட்ரிப் சுவிச் விழுந்தது. மோட்டருக்குள் ஈரம் இறங்கிக் கசிந்திருக்கிறது. ட்ரிப் பொய் சொல்லவில்லை. ஆனால் வெங்காயம் வாடியது. வயரிங் வேலை செய்யும் ஒருவன் வந்து, மோட்டருக்குப் போகும் வயரை ட்ரிப் சுவிச்சுக்குள்ளால் விடாமல் நேரே மெயினில் பூட்டிவிட்டுப் போனான். எங்கள் பக்கத்தில் இதற்கு ‘டிரெக்ட் குடுக்கிறது’ என்று பெயர். அழுகிற பிள்ளைக்கு என்ன நோ என்று பாராமல் வாயைப் பொத்துகிற வைத்தியம். எல்லா ஊரிலும் செய்கிறார்கள், செய்தவர்களில் பெரும்பாலானோர் உயிரோடுதான் இருக்கிறார்கள்.

மறுநாள் காலை அவர் வெறுங்காலோடு ஈரத்தில் நின்று மோட்டரில் கை வைத்தார். எங்கள் நிலம் மேலே செம்மண், கொஞ்சம் கீழே சுண்ணாம்புக் கல். வெயில் காலத்தில் ஏர்த் கம்பி அந்தக் கல்லுக்குள் பேருக்குத்தான் நிற்கும். ஆகவே மண்ணுக்குள் இறங்கிய கரண்ட் ஃபியூஸை எரிக்கப் போதவில்லை. ட்ரிப் சுவிச் வழியிலே இருந்திருந்தால் அவர் ஒரு கெட்ட வார்த்தை சொல்லிக் கையை உதறிவிட்டு, வந்து தேத்தண்ணி கேட்டிருப்பார். நான் அந்த நேரம் பாடசாலையில் அலைகள் படிப்பித்துக்கொண்டிருந்தேன்.

மரண விசாரணையில் அந்த வயரிங்காரன் தலையைக் குனிந்துகொண்டு, “டிரெக்ட் குடுத்தது நான்தான்” என்று ஒரு வசனம் மட்டும் சொன்னான். விபத்து என்று எழுதி முடித்தார்கள். செத்த வீட்டில் எனக்கு அழுகை வரவில்லை. “அவவை அழச் சொல்லுங்கோ, இல்லாட்டி நெஞ்சிலை கட்டிப்போடும்” என்று பெண்கள் ஒருவரை ஒருவர் ஏவினார்கள். ஒருத்தி என்னைக் கட்டிப்பிடித்து உலுக்கியும் பார்த்தாள். நான் அவள் தோளுக்கு மேலால் பந்தல்காரன் கயிறு கட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்ததும் பாடசாலைக்குப் போனேன். எனக்குள் மிச்சமிருந்தது ஒன்றே ஒன்று. அந்த வயரிங்காரன்மேல் உள்ள வெறுப்பு. அதுவும் சூடான வெறுப்பில்லை. அவன் மோட்டார் சைக்கிள் எதிரே வந்தால் மற்றப் பக்கம் திரும்பிக்கொள்வேன், அவ்வளவுதான். சோம்பேறி, அவரை ஏமாற்றி ஒரு குறுக்குவழியைத் தலையில் கட்டிவிட்டுப் போனவன் என்பது என் முடிவு. அதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

சரஸ்வதி பூசை வந்தது. வழக்கமாக ஆய்வுகூடத்துப் பூசைக்கு நான்தான் பொறுப்பு. பிள்ளைகள் தராசு, நுணுக்குக்காட்டி, வோல்ற்றுமானி எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைப்பார்கள். மாவிலையால் மஞ்சள் தண்ணீர் தெளிப்பார்கள். எங்கள் பிள்ளைகளுக்குப் பக்தி கூட. தடுக்காவிட்டால் எரிகிற பல்புக்கும் பொட்டு வைப்பார்கள். முந்தின வருசங்களில் பழைய ஆய்வுகூடத்தில் நான் நடுவே நின்று, “உதுக்கு வேண்டாம், உதுக்கு வேண்டாம்” என்று கத்திக்கொண்டிருப்பேன். இந்த வருசம் பூசை புதுக் கட்டடத்தில். ஆண்டுத் திவசம் முடியாதவள் என்பதால் என்னை ஆரும் அழைக்கவில்லை. வராதே என்றும் சொல்லவில்லை. “நீங்கள் ஆசிரியர் அறையிலை ஆறுதலா இருங்கோ ரீச்சர்” என்றார்கள். இருந்தேன். தேவாரம் கேட்டது, மணி கேட்டது. ஒரு பிள்ளை வாழையிலையில் அவல் கொண்டுவந்து தந்தாள், சாப்பிட்டேன்.

பிறகுதான் ட்ரிப் விழத் தொடங்கியது. பாடசாலை அதிபருக்கு அது பெரிய தலையிடி. ஆய்வுகூடத்தைத் திறந்துவைக்கக் கனடாவிலிருந்து ஒரு பழைய மாணவர் வருகிறார். அவர் ஒரு ஆளியை, அதாவது சுவிச்சை, அழுத்த, எட்டு மேசைகளிலும் எல்லாக் கருவிகளும் ஒரே நேரத்தில் ஒளிர வேண்டும் என்பது ஏற்பாடு. மேசைக்கு மேசை பிள்ளைகள் கருவிகளில் கை வைத்தபடி நிற்பார்கள், படம் எடுப்பார்கள். குத்துவிளக்கு ஏற்றுவதால் எல்லோரும் சப்பாத்தை வெளியே கழற்றிவிட்டு வர வேண்டும். நிகழ்ச்சி நிரலை வாசித்தபோது வெறுங்கால் என்ற இடத்தில் மட்டும் என் கண் ஒரு கணம் நின்றது.

வயரிங்குக்கு ஆள் பிடிப்பது எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை பிடிப்பதைவிடக் கஷ்டம். கைவந்தவர்கள் எல்லோரும் விமானம் ஏறிவிட்டார்கள். அதிபர் அந்த வயரிங்காரனையே கூப்பிட்டார். என்னை நோகடிக்கும் எண்ணம் அவருக்கு இல்லை, யோசிக்கவில்லை. நான் வகுப்பிலிருந்த நேரம் அவன் வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறான். மற்ற ஏழு மேசைகளையும் நிறுத்தி ஒரு மேசையை மட்டும் போட்டுப் பார்த்தானாம், பிழையில்லை. அப்படியே ஒவ்வொன்றாக எட்டையும் பார்த்தானாம், ஒன்றிலும் பிழையில்லை. ஆகவே ட்ரிப் சுவிச்தான் பழுது என்று புதிதொன்று வாங்கிப் பூட்டினான். மழை பெய்த காலையில் புதிதும் விழுந்தது.

திறப்பு விழாவுக்கு முதல்நாள் பின்னேரம் பாடசாலை விட்டபின் நான் ஆய்வுகூடத்துக்கு ஒரு புத்தகம் எடுக்கப் போனேன். நல்ல மழை. வாசலில் ஒரு சோடிச் செருப்பு. உள்ளே அதிபர் நிற்கிறார். அவன் ட்ரிப் சுவிச் பெட்டியின் மூடியைக் கழற்றிவிட்டு, ஒரு கையில் இடுக்கியும் மற்றக் கையில் ஒரு துண்டுத் தடித்த வயருமாக நின்றான். அந்தத் துண்டு எதற்கென்று எனக்கு விளங்கியது.

“தம்பி, கையை எடும்” என்றேன்.

அவன் திரும்பிப் பார்த்தான். முகம் வெளுத்துவிட்டது. வைகாசிக்குப் பிறகு நான் அவனோடு கதைத்த முதல் வார்த்தை அது.

“நாளைக்கு ஒரு நாளைக்குத்தானே ரீச்சர்” என்றார் அதிபர். “கனடாக்காரர் போனாப் பிறகு திருப்பிப் பூட்டுவம். உதைத் தள்ளிப்போட ஏலாது. ஆறின கஞ்சி பழங்கஞ்சி.”

“சேர், எட்டு மேசையிலையும் பிள்ளையள் வெறுங்காலோடை நிக்கப்போகினம். நிலம் ஈரம். கருவியெல்லாம் தகரம்.”

“ஒவ்வொரு மேசையாப் பாத்தவர்தானே. ஒண்டிலையும் பிழையில்லையாம்.”

“பிழையில்லாட்டி விழாது, சேர்.”

நான் சத்தம் போடவில்லை. போட வரவும் இல்லை. பாடத்தில் ஒரு சமன்பாட்டைச் சொல்வதுபோலச் சொன்னேன். டிரெக்ட் கொடுப்பதென்றால் நாளைக்கு முதலாவது மேசையில் செருப்பில்லாமல் நான் நிற்கிறேன், தகரத்தில் முதலில் என் கை படட்டும் என்றும் சொன்னேன். அது வீரமில்லை. உண்மையாகவே எனக்கு அது பெரிய விசயமாகப் படவில்லை. அதிபர் என் முகத்தைப் பார்த்தார், பிறகு அவன் முகத்தைப் பார்த்தார். அப்போதுதான் அவருக்கு எல்லாம் ஞாபகம் வந்திருக்க வேண்டும். “இருட்டுறதுக்குள்ளை ஒரு வழி பாருங்கோ” என்று சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போய்விட்டார். அவர் நல்ல மனிதர்தான், சங்கடம் என்றால் கதவைத் தேடுவார்.

நாங்கள் இருவரும் நின்றோம். அவனோடு கதைக்க எனக்கு விருப்பமில்லை. ஆனால் காலையில் பிள்ளைகள் வரப்போகிறார்கள். வேலை பாம்பும் சாகாமல் தடியும் முறியாமல் முடிகிற வேலை இல்லை. ஒன்று, பிழையைப் பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் விழாவை நிறுத்த வேண்டும்.

“எல்லாத்தையும் நிப்பாட்டும்” என்றேன். “வாசல் பக்கத்திலையிருந்து ஒவ்வொண்டாப் போடும். ஒண்டைப் போட்டிட்டு மற்றதுக்காக நிப்பாட்ட வேண்டாம். கூட்டிக்கொண்டு போம்.”

ஒன்று போட்டான், நின்றது. இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து, நின்றது. ஆறாவதைப் போட்டதும் ட்ரிப் விழுந்தது.

“அப்ப ஆறாவதிலைதான் பிழை ரீச்சர்!” என்றான். சந்தோசமாகச் சொல்லிவிட்டு உடனே அந்தச் சந்தோசத்துக்கு வெட்கப்பட்டான்.

“இனி யன்னல் பக்கத்திலையிருந்து போடும்.”

யன்னல் பக்கத்திலிருந்து போட்டான். பழைய ஆறாவது மேசை இப்போது மூன்றாவதாக வந்தது. ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் இந்தப் பக்கத்து ஆறாவதைப் போட்டதும் விழுந்தது. நடுவிலிருந்து தொடங்கச் சொன்னேன். எப்படித் தொடங்கினாலும் ஆறாவதில் விழுந்தது. அவன் இடுக்கியால் தலையைச் சொறிந்தான்.

எனக்கு விளங்கிவிட்டது. ஒரு மேசையில் பெரிய பிழை இல்லை. எல்லா மேசையும் கொஞ்சம் கொஞ்சம் கசிகிறது. தனியே பிடித்து விசாரித்தால் ஒவ்வொன்றும் சுத்தவாளி. ஐந்து சேர்ந்தாலும் ட்ரிப் பொறுத்துக்கொள்கிறது. ஆறு சேர்ந்தால் அதற்குப் பொறுக்காது. ட்ரிப் இல்லாமல் எட்டையும் போட்டால் அந்தக் கசிவைப் பார்க்க ஆருமில்லை. நாளைக்கு ஏர்த் எங்காவது கழன்றால் எட்டு மேசைத் தகரத்திலும் கரண்ட் நிற்கும்.

மெயினை நிறுத்தச் சொல்லிவிட்டு முதலாவது மேசையின் பிளக் பொயின்றைக் கழற்றினோம். மேலேயுள்ள ஏர்த் துவாரத்துக்குள், கச்சிதமாக, ஒரு சந்தனப் பொட்டு. அதன்மேல் குங்குமம். மூன்று துவாரங்களையும் பார்த்தால் ஒரு முகம் மாதிரித்தான் இருக்கும். பிள்ளைகள் நெற்றியைக் கண்டுபிடித்துப் பொட்டு வைத்திருக்கிறார்கள். அதற்கு மேல் தெளித்த மஞ்சள் தண்ணீர் சந்தனத்தைக் கரைத்து உள்ளே இறக்கி, லைன் முனைக்கும் ஏர்த் முனைக்கும் நடுவே மஞ்சளாகப் பூசிவிட்டிருந்தது. வெயிலில் காயும், மழைக் காற்றில் ஈரம் இழுக்கும். அடுத்த மேசையைக் கழற்றினோம், அங்கேயும் பொட்டு. எட்டு மேசையிலும் ஒரு துவாரத்தைக்கூட அவர்கள் தவற விடவில்லை. பழைய ஆய்வுகூடத்தில் பிளக் பொயின்றுகள் சுவரில் உயரத்தில் இருந்தன, கை எட்டாது. இங்கே சாமியறை மாதிரி கைக்கெட்டிய உயரத்தில் வைத்துக் கட்டியிருக்கிறார்கள்.

எல்லாவற்றையும் கழற்றி, ஆய்வுகூடத்து மதுசாரத்தால் கழுவி, துடைத்தோம். கறுத்துப் போயிருந்த இரண்டொன்றுக்குப் பதிலாக அவன் தன் பையிலிருந்து புதிது போட்டான். நான் பஞ்சு எடுத்துக் கொடுத்தேன், அவன் பூட்டினான். தேவையான வார்த்தைகள் மட்டும் கதைத்தோம். வேலை முடிந்து எட்டு மேசைகளையும் ஒன்றாகப் போட்டோம். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. ட்ரிப் நின்றது. அதன் சோதனைப் பொத்தானை நான் அழுத்தினேன், உடனே விழுந்தது. தூக்கிவிட்டேன். நிமிர்ந்து நின்றது.

அவன் சாமான்களைப் பையில் போட்டான். போயிருப்பான். எனக்கு ஏனோ அந்த எட்டு மேசைகளைப் பார்க்கப் பிடிக்கவில்லை. வைகாசியிலிருந்து நான் எல்லாக் கசிவையும் ஒரு மேசையின் தலையில் போட்டு வைத்திருந்தேன் என்று மனம் மெதுவாகச் சொன்னது. அதைக் கேட்க எனக்கு விருப்பமில்லை. அந்த வெறுப்பையும் எடுத்துவிட்டால் என்னிடம் வேறு ஒன்றும் இல்லை. ஆனாலும் வாய் கேட்டுவிட்டது.

“தம்பி, அண்டைக்கு எங்கடை வீட்டிலை டிரெக்ட் குடுப்பம் எண்டு ஆர் முதலிலை சொன்னது?”

அவன் பையின் சிப்பைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

“நான்தான் குடுத்தனான் ரீச்சர்.”

“அது தெரியும். ஆர் சொன்னதெண்டு கேக்கிறன்.”

பையைத் திரும்பக் கீழே வைத்தான். பிறகு சொன்னான். “மோட்டரைக் கழட்டித் தாங்கோ, கொண்டுபோய்த் திருத்தித் தாறன், ரெண்டு நாள் செல்லும் எண்டுதான் நான் சொன்னனான். அண்ணை கேக்கேல்லை. ரெண்டு நாளிலை வெங்காயம் செத்துப்போடுமடா எண்டார். தன்ரை கையாலையே பெட்டியைத் திறந்தும் விட்டார். நான் மாட்டன் எண்டிருக்கலாம் ரீச்சர். ஆனா நான் குடுத்திட்டன்.”

“விசாரணையிலை ஏன் உதைச் சொல்லேல்லை?”

“செத்த மனுசன்ரை தலையிலை என்னெண்டு ரீச்சர் பழியைப் போடுறது? நீங்களும் அதிலை இருந்தனீங்கள்.”

மழைக்குள்ளால் எங்கோ ஒரு பஸ் கோர்ண் அடித்தது.

“போகேக்கை படலையடியிலை வந்து நிண்டு, ‘ரீச்சருக்குச் சொல்லிப்போடாதை, அவ பாடம் எடுக்கத் தொடங்கிவிடுவா’ எண்டு சொல்லிச் சிரிச்சவர்” என்றான்.

அவர் அப்படித்தான் சிரிப்பார். என்னை ஏமாற்றிவிட்டு, ஏமாற்றியது எனக்குத் தெரிய வந்ததும் சிரிப்பார். சீனி வருத்தத்துக்கு மருந்து எடுக்காமல் விட்டபோதும் அந்தச் சிரிப்புத்தான். பாடம் எடுத்திருப்பேன். நிச்சயமாக எடுத்திருப்பேன். ஒரு மணித்தியாலம் எடுத்திருப்பேன், அவர் கேட்டுக்கொண்டு தோட்டத்துப் பக்கம் பார்த்துக்கொண்டு இருந்திருப்பார், வெங்காயம் வாடியிருக்கும், வாடிய வெங்காயத்தை உழுது தாட்டிருப்போம். அவர் இருந்திருப்பார்.

“விசர் மனுசன்” என்றேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. “வெங்காயம் செத்துப்போடுமாம்! விசர் மனுசன்! என்னட்டை ஒரு சொல்லுக் கேட்டால் என்ன குறைஞ்சுபோகும்?” அவன் பயந்துபோய்க் கதிரையை இழுத்துப் போட்டான். நான் இருக்கவில்லை. நின்றபடி மேசையில் கையால் அடித்து அடித்துச் செத்துப்போன மனுசனை ஏசினேன். கண்ணீர் எப்போது தொடங்கியது என்று தெரியாது. கழுத்துவரை நனைந்திருந்தது. அவன் யன்னல் பக்கம் திரும்பி நின்று தானும் அழுதான். மழை விட்டபின் தன் மோட்டார் சைக்கிளில் என்னை வீட்டு ஒழுங்கைவரை கொண்டுவந்து விட்டான். இறங்கும்போது, கிணற்றடி மோட்டரை நாளை மறுநாள் வந்து திருத்த எடுத்துப்போகச் சொன்னேன்.

மறுநாள் விழா நன்றாக நடந்ததாம். கனடாக்காரர் ஆளியை அழுத்தியதும் எட்டு மேசையும் ஒன்றாக ஒளிர்ந்ததாம், ஒரு பிள்ளைக்கும் ஒன்றும் ஆகவில்லையாம். நான் போகவில்லை. விடிந்ததிலிருந்து கிணற்றடியில் நின்று அவரோடு சண்டை பிடித்துக்கொண்டிருந்தேன்.